பார்த்தவர் சொல்: வலிப்பின் வகைகளும் மருந்துகளும்

பேருந்து நிலையத்தில் ஒருவர் அலறிக்கொண்டு விழுகிறார். உடல் விறைக்கிறது, கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயில் நுரை தள்ளுகிறது. கூட்டத்தில் யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணிக்கிறார். சற்று நேரத்தில் இழுப்பு நிற்கிறது. சாவிதான் நிறுத்தியது என்று நம்பிக் கூட்டம் கலைகிறது. இரும்புக்கும் மூளைக்கும் இங்கே ஒரு தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

வலிப்பு நோய் என்றதும் நம் மனத்தில் எழும் படம் இது ஒன்றுதான். இந்த ஒற்றைப் படம் செய்யும் கேடு சாவிக்கொத்தோடு முடிவதில்லை. பாடம் எழுதிக்கொண்டிருக்கையில் பார்வை நிலைகுத்தி, பத்து நொடி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் சிறுமிக்கு வந்ததும் வலிப்புதான். காலையில் கை வெடுக்கென்று துள்ளி, காபி டம்ளரைத் தவறவிடும் கல்லூரி மாணவனுக்கு வந்ததும் வலிப்புதான். வயிற்றிலிருந்து இனம்புரியாத அச்சம் மேலேறி வர, உதட்டைச் சப்புக்கொட்டியபடி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வந்ததும் அதுவே. இம்மூவருக்கும் கார்பமசெபைன் என்ற ஒரே மாத்திரையைக் கொடுத்தால் மூன்றாமவருக்கு நோய் கட்டுப்படலாம். முதல் இருவருக்கும் வலிப்பு கூடிவிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் இருப்பவர்கள். முறையாகக் கண்டறிந்து மருத்துவம் செய்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது அதே நிறுவனம். அந்த நிலையை எட்டுவதற்கு முதல் தேவை, வந்த வலிப்பு எந்த வகை என்று அறிவது. அதை அறியப் பெரிதும் உதவுவது அருகிலிருந்து பார்த்தவரின் சொல். மருந்தின் தேர்வு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூளையில் நடப்பது

நரம்பணுக்கள் மின்குறிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. குளுட்டமேட் அடுத்த அணுவைத் தூண்டுகிறது, காபா அடக்குகிறது. தூண்டலும் அடக்கலும் சமநிலையில் இருக்கும்வரை ஒவ்வோர் அணுக்கூட்டமும் தன் வேலையைத் தன் கதியில் பார்க்கிறது. ஓர் அரங்கில் ஆளுக்கொரு கதியில் கைதட்டிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று ஒரே தாளத்தில் தட்டத் தொடங்குவதுபோல, ஏராளமான அணுக்கள் ஒருசேர மின்துடிப்பை வெளியிடும்போது வலிப்பு உண்டாகிறது. கையை அசைக்கும் பகுதியில் அது தொடங்கினால் கை துடிக்கும். பார்வைக்குரிய பகுதியில் தொடங்கினால் கண்முன் வண்ணப் புள்ளிகள் மின்னும். நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பொட்டுமடலில் தொடங்கினால் காரணமில்லாத பயம் வரும். இதுவரை காணாத இடம் பழகிய இடமாகத் தோன்றும்.

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் கருவி ஏதும் இல்லாத காலத்திலேயே இதை ஊகித்தவர் லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். சிலருக்கு இழுப்பு கட்டைவிரலில் தொடங்கிக் கை, தோள், முகம் என்று ஒரே வரிசையில் ஏறுவதை அவர் கவனித்தார். உடலில் தெரியும் அந்த வரிசையிலிருந்து மூளைக்குள் இருக்கும் வரிசையை அவர் அறிந்துகொண்டார். மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென்று மிகையாக ஏற்படும் மின்வெளியேற்றமே வலிப்பு என்று 1870களில் வரையறுத்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1924இல், ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவுசெய்தார். 1929இல் அதை வெளியிட்டார். இன்று இ.இ.ஜி. என்று நாம் சொல்லும் பரிசோதனை அதிலிருந்து வளர்ந்தது.

ஒருமுறை வலிப்பு வந்தாலே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. இரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ மிகவும் குறைந்தாலும், குடிப்பழக்கம் உள்ளவர் திடீரென்று குடியை நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்வதே மருத்துவம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கடும் காய்ச்சலோடு வரும் வலிப்பும் பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும். அதற்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை தேவைப்படுவது அரிது. உடனடிக் காரணம் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோய். ஒருமுறையே வந்திருந்தாலும், மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஸ்கேனோ இ.இ.ஜி.யோ காட்டினால் அதையும் நோயாகவே கொள்ள வேண்டும் என்று 2014இல் பன்னாட்டு வலிப்பு எதிர்ப்பு அமைப்பு வரையறையை விரிவாக்கியது.

தொடங்கும் இடமும் மாறும் முகமும்

1909இல் புடாபெஸ்ட் நகரில் உருவான அந்த அமைப்பு, வலிப்பு வகைகளைப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறது. 2017இல் ஒரு வகைப்பாடும், 2025இல் அதன் திருத்தமும் வந்தன. பெயர்கள் மாறினாலும் முதல் கேள்வி மாறவில்லை: வலிப்பு மூளையின் ஒரு பகுதியில் தொடங்கியதா, இருபாதிகளையும் ஒருசேரப் பற்றியதா? முன்னதைக் குவிய வலிப்பு என்றும், பின்னதைப் பொது வலிப்பு என்றும் சொல்கிறோம்.

குவிய வலிப்பில் அடுத்துக் கேட்பது, அந்த நேரத்தில் நினைவு இருந்ததா என்பது. நினைவு தப்பாமலே ஒரு கை மட்டும் துடித்து அடங்கலாம். ரப்பர் எரிவதுபோல் இல்லாத நாற்றம் ஒன்று மூக்கில் ஏறலாம். நினைவு மங்கும் வகையில் கண் திறந்திருக்கும், ஆள் விழுவதில்லை, ஆனால் கூப்பிட்டால் பதில் வராது. வாய் மெல்லும், விரல்கள் துணியைப் பிசையும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்து, குழப்பம் தெளியச் சற்று நேரம் ஆகும். நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. முன்மடலில் தொடங்கும் வலிப்புகள் தூக்கத்தில் வருவது அதிகம். ஆள் திடீரென்று கத்திக்கொண்டு கைகாலை உதறுவதைக் கண்டு பேய் என்றும் மனநோய் என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தக் குவிய வலிப்புகளில் எதுவும் பரவி இருபாதி மூளையையும் பிடித்துக்கொண்டால், பேருந்து நிலையத்தில் கண்ட அதே விறைப்பும் வெட்டிழுப்பும் வரும். பார்த்தவர்கள் பின்பகுதியை மட்டுமே சொல்வார்கள். விழுவதற்கு முன் தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் துடித்தது என்பதில்தான் நோயின் இருப்பிடம் ஒளிந்திருக்கிறது.

பொது வலிப்புகளுக்கும் பல முகங்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வரும் வெறித்த பார்வை வலிப்பு, சில நொடிகளே நீடிக்கும். ஒரே நாளில் பத்து, இருபது, அதற்கு மேலும் வரும். மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னால் மருத்துவரின் முன்னாலேயே வந்துவிடும். இ.இ.ஜி.யில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனையும் அலையும் மாறிமாறி எழும். வீட்டிலும் வகுப்பிலும் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பெயர் ‘கவனமில்லாத பிள்ளை’.

பதின்ம வயதில் தொடங்கும் தசைத்துள்ளல் வலிப்பு இதைவிடவும் எளிதில் தப்பிவிடுகிறது. தூங்கி எழுந்த அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் தோளும் கையும் வெட்டென்று துள்ளும், பல்துலக்கி பறக்கும், டம்ளர் விழும். நினைவு தப்பாததால் யாரும் அதை நோயாக எண்ணுவதில்லை. தேர்வுக்காகக் கண்விழித்த மறுநாள் காலையிலோ, இரவெல்லாம் விழித்திருந்த திருமண வீட்டிலோ முழு வலிப்பு வந்து விழும்போதுதான் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்கள். அப்போதும் விழுந்ததை மட்டுமே சொல்கிறார்கள். காலையில் கை துள்ளுவது உண்டா என்று மருத்துவர் தானாகக் கேட்டால்தான் அந்தச் செய்தி வெளியே வரும்.

கழுத்தும் முழங்காலும் ஒரு நொடியில் வலுவிழந்து, பொத்தென்று விழவைக்கும் தளர்வு வலிப்பு இன்னொரு வகை. அதில் நெற்றியும் முகவாயும் அடிக்கடி உடையும். கைக்குழந்தைகளுக்கு வரும் சுண்டிழுப்பு இவற்றில் மிகவும் அவசரமானது. மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள், தூங்கி எழும் வேளையில், தலை கவிழ்ந்து கைகள் முன்னே விரிய, அடுத்தடுத்துக் கொத்துக்கொத்தாக வரும். குழந்தை பயந்துகொள்கிறது, வயிற்று வலியால் முறுக்குகிறது என்று நாள்கள் கழிந்துவிடும். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்த இந்த நோயை விவரித்து ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய கூர்ந்த விவரிப்பு இன்றும் பாடமாக இருக்கிறது. இந்தச் சுண்டிழுப்புக்கு வழக்கமான வலிப்பு மாத்திரைகள் பெரிதும் பயன்படுவதில்லை. ஸ்டீராய்டு வகை மருந்துகளோ வைகபாட்ரினோ தேவை. தாமதம் கூடக் கூடக் குழந்தையின் அறிவு வளர்ச்சி பின்தங்கும் அபாயமும் கூடுகிறது.

தற்செயலாகக் கிடைத்த மருந்துகள்

வலிப்பை அடக்கிய முதல் மருந்து பொட்டாசியம் புரோமைடு. 1857இல் லண்டனில் நடந்த ஒரு மருத்துவக் கூட்டத்தில், பேறுகால மருத்துவரான சார்லஸ் லோக்காக், மாதவிடாயை ஒட்டி வரும் வலிப்புக்கு அதைக் கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். அடுத்த ஐம்பது ஆண்டுகள் புரோமைடின் காலம். வலிப்பு குறைந்தது, ஆனால் நோயாளிகள் மந்தமாகி, தோலெங்கும் கொப்புளம் கண்டு அவதிப்பட்டார்கள். 1912இல் பிரைபர்க் நகரின் இளம் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், அமைதிப்படுத்தும் மருந்தாக வந்திருந்த பினோபார்பிட்டோனைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வலிப்பின் எண்ணிக்கை குறைவதைக் கண்டார். நூறாண்டுக்குப் பின்னும் அந்த மாத்திரை உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

தேடிக் கண்டடைந்த முதல் மருந்து பினைட்டாயின். நம் ஊர்களில் ‘எப்டாயின்’ என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்தது. பாஸ்டன் நகரில் ட்ரேசி புட்னமும் ஹூஸ்டன் மெரிட்டும் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கி, எந்த வேதிப்பொருள் அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1938இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு, தூங்கவைக்காமலே வலிப்பை அடக்க முடியும் என்று முதன்முதலில் உறுதியாகக் காட்டியது. வால்புரோயேட்டின் வரவு மறுபடியும் தற்செயல். 1882இல் உருவான அந்தத் திரவத்தை எண்பது ஆண்டுகள் கரைப்பானாக மட்டுமே பயன்படுத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரனோபிள் நகரில் பியர் எய்மார் தன் புதிய சேர்மங்களை அதில் கரைத்து விலங்குகளில் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு நின்றது. நிறுத்தியது கரைக்கப்பட்ட பொருளன்று, கரைப்பான் என்று அப்போதுதான் புலப்பட்டது.

எந்த வலிப்புக்கு எந்த மருந்து

இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. செயல்படும் விதத்தால் அவற்றைச் சில குழுக்களாகப் பிரிக்கலாம். பினைட்டாயின், கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜின், லாக்கோசமைடு ஆகியவை நரம்பணுவின் சோடியம் வாயில்களைக் கட்டுப்படுத்தி, அணு ஓயாமல் துடிப்பதைத் தடுக்கின்றன. பினோபார்பிட்டோனும் குளோபசாம், குளோனசெபாம் போன்றவையும் காபாவின் அடக்கும் வேலையை வலுப்படுத்துகின்றன. எத்தோசக்சிமைடு, மூளையின் நடுவிலுள்ள தலாமசில் ஒருவகைக் கால்சியம் வாயிலை அடைக்கிறது. லெவிட்டிராசிட்டாம், வேதிப்பொருள்களைச் சேமித்து வெளியிடும் நுண்பைகளின் புரதம் ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது. வால்புரோயேட் பல வழிகளில் ஒருசேர வேலைசெய்கிறது. இவை எல்லாமே வலிப்பு வராமல் அடக்குபவை. வலிப்பு வரும் இயல்பையே வேரோடு நீக்குபவை அல்ல. தவறாமல் சாப்பிட வேண்டிய கட்டாயம் இதனால்தான் எழுகிறது.

வகைக்கேற்ற தேர்வு ஏன் முக்கியம் என்பதை வெறித்த பார்வை வலிப்பு நன்றாகக் காட்டும். அமெரிக்காவில் 453 குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வொன்று எத்தோசக்சிமைடு, வால்புரோயேட், லாமோட்ரிஜின் மூன்றையும் ஒப்பிட்டது. 16 வாரங்களின் முடிவில் முதல் மருந்து 53 சதவீதக் குழந்தைகளுக்கும் இரண்டாவது 58 சதவீதத்தினருக்கும் பலித்தது. மூன்றாவது 29 சதவீதத்தினருக்கு மட்டுமே. வால்புரோயேட் எடுத்த குழந்தைகளிடம் கவனக்குறைவு அதிகம் தெரிந்ததால், 1950களின் பழைய எத்தோசக்சிமைடே முதல் தேர்வாக நிலைபெற்றது. இதே குழந்தைகளுக்குக் கார்பமசெபைனோ பினைட்டாயினோ கொடுத்தால் பார்வை நிலைகுத்துவது அதிகமாகக்கூடும். தசைத்துள்ளல் வலிப்பும் இந்த இரு மருந்துகளால் மோசமாகலாம். சோடியம் வாயிலின் மரபணுக் கோளாறால் வரும் திராவே நோய்க்குறியில், அந்த வாயிலை அடைக்கும் மருந்துகளே வலிப்பைக் கூட்டுகின்றன. மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு அதிகமாகிறது என்று வருபவரிடம், அளவை உயர்த்துவதற்கு முன் வகையை மறுபடி விசாரிப்பதே நல்ல மருத்துவம்.

பிரிட்டனில் நடந்து 2021இல் முடிவுகள் வெளிவந்த சனாட்-2 என்ற பெரிய ஆய்வு, குவிய வலிப்புக்கு லாமோட்ரிஜினை முதல் மருந்தாகப் பரிந்துரைக்க வலுவான ஆதாரம் தந்தது. பொது வலிப்பிலும், வகை தெளிவாகாத வலிப்பிலும் லெவிட்டிராசிட்டாமைவிட வால்புரோயேட்டே நன்றாகச் செயல்பட்டது. ஆனால் அந்த முடிவைக் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

கருவிலிருக்கும் குழந்தைக்கு வால்புரோயேட் செய்யும் தீங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. பல நாடுகளின் கர்ப்பப் பதிவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில், கர்ப்பகாலத்தில் இதை உட்கொண்டவர்களின் குழந்தைகளில் 10.3 சதவீதத்தினருக்குப் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. லாமோட்ரிஜினில் அது 2.9, லெவிட்டிராசிட்டாமில் 2.8. குறையில்லாமல் பிறந்த குழந்தைகளையும் இது விடுவதில்லை. இன்னொரு நீண்ட ஆய்வில், வால்புரோயேட்டுக்கு உள்ளான குழந்தைகளின் ஆறு வயது நுண்ணறிவு எண் சராசரியாக 97 ஆகவும், மற்ற மருந்துகளுக்கு உள்ளானவர்களுடையது 105 முதல் 108 ஆகவும் இருந்தது. 2018இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் விதிகளைக் கொண்டுவந்தது இதனால்தான். இளம்பெண் ஒருவருக்கு இந்த மாத்திரையை எழுதும்போது திருமணம், கர்ப்பம் பற்றிய பேச்சும் அதே நாளில் நடக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு அஞ்சி மாத்திரையைத் தானே நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. முன்கூட்டித் திட்டமிட்டு, மருந்தை மாற்றி, போலிக் அமிலம் தொடங்கிக் கருத்தரித்தால் பெரும்பாலான பெண்கள் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் வலிப்பு-கர்ப்பப் பதிவேடு, இந்தியப் பெண்களிடமிருந்தே இதற்கான சான்றுகளைத் திரட்டி வருகிறது.

தென்னிந்தியா கற்றுத்தந்தவை

1980களில் இந்தியாவுக்கு சிடி ஸ்கேன் பரவியபோது, வலிப்போடு வந்த பலருடைய மூளையில் சிறு வளையம் ஒன்று தெரிந்தது. அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் திசுவை எடுத்துச் சோதித்து, அந்த வளையங்களில் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் சிதைந்துகொண்டிருக்கும் இளவுயிரிக் கூடுகள் என்று நிறுவினார்கள். இருபது மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையை நகர்த்துகிறதா என்பன போன்ற அளவுகோல்களைக் கொண்டு, தலையைத் திறக்காமலே இரண்டையும் பிரித்தறியும் வழியை 1993இல் வெளியிட்டார்கள். வேலூர் மாவட்டத்தில் பின்னர் நடந்த கணக்கெடுப்பில், தொடர்ந்து வலிப்பு வரும் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது.

பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கும் இது வருகிறது. சரியாக வேகாத இறைச்சியால் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் மண்ணிலும் நீரிலும் காய்கீரையிலும் கலந்து வாய்க்குள் போனால் மூளையில் கூடு கட்டும். கழிப்பறையும் தூய நீரும் கிடைத்தால் வராமலே தடுக்கக்கூடிய வலிப்பு இது. தனிக்கூடு மட்டும் இருப்பவர்களுக்கு மருந்தும் பெரும்பாலும் குறுகிய காலமே தேவைப்படும்.

கர்நாடகத்தை மையமாகக் கொண்டு தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் இன்னொன்று வெந்நீர் வலிப்பு. தலைக்குச் சுடுநீரைச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வரும். பெரும்பாலும் அது நினைவு மங்கும் குவிய வலிப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பலருக்கு இளஞ்சூட்டு நீரில் குளிப்பதும், தலைக்குக் குளிக்கும் நாளில் முன்னதாக ஒரு குளோபசாம் மாத்திரை எடுப்பதுமே போதுமாகிறது. ஆண்டு முழுவதும் மாத்திரை தேவையா என்பதை இங்கே தீர்மானிப்பது, வலிப்பு எப்போது வந்தது என்ற எளிய கேள்வி.

மூன்றாவது பாடம் மைசூரு பக்கமுள்ள எளந்தூர் வட்டாரத்தின் கிராமங்களிலிருந்து வந்தது. நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் குழுவினரும் அங்கே வீடுவீடாக நோயாளிகளைக் கண்டறிந்து, மலிவான பினோபார்பிட்டோன், பினைட்டாயின் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு மருத்துவம் செய்தார்கள். 2001இல் ‘லான்செட்’டில் வெளிவந்த அந்த ஆய்வு, தொடர்ச்சியாகக் கிடைத்தால் இந்தப் பழைய மாத்திரைகளே பலரை வலிப்பிலிருந்து விடுவிக்கும் என்று காட்டியது.

மருந்தின் மறுபக்கம்

பினைட்டாயினை உடைத்து வெளியேற்றும் ஈரலின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கியவருக்கு 300 மி.கி.யை 400 ஆக்கினாலே இரத்த அளவு எகிறி, நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும். காசநோய்க்கான ஐசோனியசிட் சேர்ந்தால் அதே நிலை இன்னும் எளிதில் வரும். நீண்ட நாள் எடுத்தால் ஈறு தடித்து வளரும். பினைட்டாயினும் கார்பமசெபைனும் கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். கருத்தடை மாத்திரையோ லாமோட்ரிஜினின் அளவைக் குறைக்கும். லெவிட்டிராசிட்டாம் எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பலாம். சாந்தமாக இருந்த பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறான் என்று குழம்பும் பெற்றோர், மாத்திரை தொடங்கிய தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

லாமோட்ரிஜினும் கார்பமசெபைனும் அரிதாக, உயிரையே பறிக்கக்கூடிய தோலுரியும் நோயை உண்டாக்கும். லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்துவதும், வால்புரோயேட் எடுப்பவருக்கு அதன் அளவைப் பாதியாக்குவதும் இதைத் தவிர்க்கத்தான். கார்பமசெபைன் விஷயத்தில் 2004இல் தைவான் ஆய்வாளர்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டார்கள்: தோலுரிந்த அவர்களுடைய 44 நோயாளிகளிடமும் ஒரே மரபணு வடிவம் இருந்தது. ஆசிய மரபினருக்கு அந்தப் பரிசோதனையைச் செய்துவிட்டே மருந்தைத் தொடங்கும்படி 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை தோற்கும்போது

கிளாஸ்கோவில் குவானும் பிராடியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படைக் கணக்கைத் தந்தது. அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவதோ மூன்றாவதோ மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம். இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் 3 சதவீதம். சரியாகத் தேர்ந்து, போதிய அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றால், மூன்றாவதில் பலன் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அந்தக் கட்டத்தில் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று முடிவுசெய்து, வேறு வழிகளைப் பார்க்க வேண்டும் என்பது 2010 முதல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட வரையறை.

நம்மிடம் நடப்பதோ, மாத்திரைமேல் மாத்திரை சேர்த்து ஆண்டுகளைக் கடத்துவது. பொட்டுமடல் வலிப்புக்கு அறுவை சிகிச்சையையும் மாத்திரையையும் ஒப்பிட்டு 2001இல் வெளிவந்த கனடா ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மாத்திரைக் குழுவில் 8 சதவீதம். தில்லி எய்ம்ஸ் 116 குழந்தைகளிடமும் பதின்ம வயதினரிடமும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வேறுபாடு 77க்கு 7. எல்லோருக்கும் அறுவை பொருந்தாது. ஆனால் பொருந்துமா என்று பார்க்கச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மரபணு நோய்க்குறிகள் சிலவற்றில் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுமுறையும், மருந்தாகத் தூய்மைப்படுத்திய கன்னாபிடையோலும் பலன் தருகின்றன.

மாத்திரை தோற்றதாகத் தோன்றும் எல்லா இடத்திலும் மருந்து தோற்பதில்லை. சிலருக்கு வந்தது வலிப்பே அன்று. இதயத் துடிப்பின் கோளாறால் வந்த மயக்கமாகவோ, மன அழுத்தம் உடல்வழி வெளிப்படும் தாக்கமாகவோ இருக்கலாம். கண்கள் இறுக மூடியிருப்பதும், அசைவு விட்டுவிட்டு நீள்வதும் பின்னதற்கான அடையாளங்களுள் சில. அவர்கள் நடிப்பதில்லை; அவர்களுக்குத் தேவை வேறு மருத்துவம். வலிப்பின்போது கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி இங்கே விலைமதிப்பற்ற சான்று.

ஐந்து நிமிடக் கணக்கு

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் கூடாது. கைகாலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ அது உயிர் காக்கும் அவசரம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். நீண்ட வலிப்பு வரும் வழக்கமுள்ளவர் வீட்டில் மருத்துவர் பரிந்துரைத்த மிடசோலம் மூக்குத் தெளிப்பான் இருந்தால், அந்த ஐந்தாவது நிமிடத்தில் அதை அடிக்கலாம். நேரம் கடக்கக் கடக்க மருந்துக்கு வலிப்பு அடங்குவது கடினமாகிறது.

வலிப்பு நின்று ஓராண்டு ஆனதும் ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்துபவர்கள் பலர். பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பில்லாமல் கழிந்த பின்னரே நிறுத்துவதைப் பற்றி யோசிக்கிறார்கள். அதையும் மாதக்கணக்கில் படிப்படியாகவே செய்கிறார்கள். தசைத்துள்ளல் வலிப்புள்ளவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கும். கட்டுப்படாத வலிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு: வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல் திடீரென இறக்கிறார்கள். விறைத்து வெட்டும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கே அந்த அபாயம் அதிகம். ஒருவேளை மாத்திரையைத் தவறவிடுவது சிறிய விஷயமல்ல என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நோயை மறைப்பதால் அந்த ஒருவேளை அடிக்கடி தவறுகிறது. மணமான பெண் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாள். ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். இந்து திருமணச் சட்டத்திலேயே ஒருகாலத்தில் வலிப்பு நோய் மணத்தை ரத்து செய்வதற்கான காரணங்களுள் ஒன்றாக இருந்தது. 1999ஆம் ஆண்டின் திருத்தம் அதை நீக்கியது. சட்டம் கைவிட்டதைக் குடும்பங்கள் இன்னும் கைவிடவில்லை.

வலிப்பு மருத்துவத்தில் பெரிய கண்டுபிடிப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டிய நோயாளிகள் உண்டு. ஆனால் பெரும்பான்மையினருக்கு வேண்டியது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாதம்கூட இடைவெளி விழாமல் மாத்திரை கிடைக்க வேண்டும். இளம்பெண்களுக்கு மருந்து எழுதுமுன் அவர்களோடு மனம்விட்டுப் பேச வேண்டும். இரண்டு மருந்து தோற்றவரை உயர்சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் செய்ய வேண்டியது இதற்கெல்லாம் முந்தையது: பதறாமல் அருகில் நின்று பார்ப்பது. எப்படித் தொடங்கியது, கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம் நீடித்தது, முன்னிரவு தூங்கினாரா, காலையில் கை துள்ளியதா என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. நோயாளியால் சொல்ல முடியாத அந்த ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு நாமே சாட்சி. அந்தச் சாட்சியம் சரியாக இருந்தால் மாத்திரையும் சரியாக அமைய வழி பிறக்கும்.